பாத்திரமேற்று நடித்தலும் தலவாக்கலையின் நிலமும்

நிலப்பயன்பாட்டுத் திட்டமிடலைப் பாத்திரமேற்று நடிக்கும் முறையிற் கற்பித்தல் புவியியல் ஆசிரியர் பலரும் போற்றும் ஓர் உத்தியாகும். வகுப்பறை பொது விசாரணை மண்டபமாகிறது. ஒரு மாணவர் பொறியியலாளர், இன்னொருவர் வணிகர், மற்றொருவர் சுற்றாடல் அதிகாரி, வேறொருவர் குடியிருப்பாளர். வரைபடத்தை நடுவே விரித்து வாதாடி, இறுதியில் வாக்கெடுக்கின்றனர். பாடநூலில் வெறும் நிறங்களாகக் கிடந்த நிலம் மனிதரின் நலன்களோடு பிணைந்தது என்பதை இதுபோல் விரைந்து உணர்த்தும் முறை பிறிதொன்றில்லை எனலாம்.

ஆயினும் இம்முறையின் பிறப்பிடத்தை நோக்குதல் வேண்டும். 1960களில் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் அலன் ஃபெல்ட் அமைத்த சமுதாய நிலப்பயன்பாட்டு விளையாட்டு இதன் முன்னோடிகளுள் ஒன்று. அதில் ஆடுவோர் மூலதனத்துடன் உட்புகுந்து, நிலம் வாங்கிக் கட்டடம் எழுப்புவர். நிலம் வாங்கற்குரியது, ஆடுவோர் யாவரும் வாங்க வல்லவர் என்பதே அதன் அடிப்படை. பின்வந்த நடிப்புப் பாடங்கள் பணத்தை விடுத்துப் பேச்சை வைத்தன. சமமான நாற்காலிகளை மட்டும் விட்டுவிடவில்லை. தலவாக்கலையைப் பொருளாகக் கொள்ளும்போது இடர் இங்கேதான் எழுகிறது.

மேல் கொத்மலை நீர்மின் திட்டம் இத்தகைய பாடத்துக்கு வாய்ப்பான பொருள். ஒருபுறம் 150 மெகாவாற்று மின்சாரம். மறுபுறம் சென் கிளயர் நீர்வீழ்ச்சி. கொத்மலை ஓயாவைத் தலவாக்கலையில் மறித்துச் சுரங்கவழியே கொண்டுசெல்லும் இத்திட்டம், நெடிய எதிர்ப்பின் பின் சுருக்கப்பட்டு, 2012 இல் நிறைவேறியது. பகல்வேளையில் அருவியில் நீர் விழ ஏற்பாடு செய்யப்பட்டது. மாணாக்கர் இரு கட்சியாகி அழகாகவே வாதிடுவர். பகலில் அருவி, இரவில் மின்சாரம் என்ற இணக்கம் வகுப்பறைத் தீர்ப்புப் போலவே இல்லையா!

ஆனால் 'குடியிருப்பாளர்' என்ற அட்டையைப் பெற்ற மாணவர் யாராக நடிப்பது? 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. இவ்விரு மாற்றத்திலும் லயத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவருக்கு அறையோ அடிநிலமோ உரித்தாகவில்லை. 1977 மே மாதத்தில், ஏறத்தாழ 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தை வெளியாருக்குப் பகிரும் முயற்சியை எதிர்த்துத் தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள டெவன் தோட்டத்தில் தொழிலாளர் திரண்டனர். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். அதுவும் நிலப்பயன்பாடு பற்றிய ஒரு விவாதமே. அதில் நாற்காலிகள் இருக்கவில்லை.

மக்கட் பிரதிநிதியின் பாத்திரமும் ஆராயத்தக்கது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபை நிதியைத் தோட்டப்புறங்களிற் செலவிட இடந்தரவில்லை. 2018 இலேயே அது திருத்தப்பட்டது. அதுவரை தோட்டத்தவரின் வாக்கால் உறுப்பினரானவர் அவர்தம் லயத்துக்கு ஒரு பாதை இடவும் சட்டம் தடையாயிருந்தது. இதை அறியாத மாணவர் மேடையில் எதையும் வாக்களித்துவிடலாம். நடிப்பு சிறக்கும், பாடம் பொய்க்கும்.

முறையைக் கைவிட வேண்டியதில்லை. அட்டைகளைத் திருத்தினாற் போதும். ஒவ்வோர் அட்டையிலும் அப்பாத்திரத்தின் கருத்துக்கு முன்னர் அதன் உரிமை எழுதப்பட வேண்டும்: நிலம் யாருடையது, வெளியேற்றும் அதிகாரம் யாரிடம், வாக்கு உண்டா என்பன. பின்னர் ஒரே நிலத்தை 1977, 2012, 2018 என மூன்று ஆண்டுகளில் வைத்து ஆடச் செய்யலாம். ஒரு பாடவேளை இதற்குப் போதாது; இரண்டேனும் வேண்டும். 1977க்குரிய ஆட்டத்தில், அக்காலத்தே தோட்டத் தொழிலாளர் பலர் குடியுரிமையற்றோராய் இருந்தமையால், அவ்வட்டை பெற்ற மாணவர் சிலர் வாக்கெடுப்பின்போது கதவுக்கு வெளியே நிற்க நேரும். ஆட்டத்துக்குப் பிந்திய கலந்துரையாடலில் ஆசிரியர் முதலிற் பேச அழைக்க வேண்டியவர் அவர்களே.