சவுண்டலும் ஆட்டின் வயிறும்

சவுண்டல் கன்று ஒன்றை வேரோடு பிடுங்கி மண்ணை உதறுங்கள். மெல்லிய வேர்களில் சின்னச் சின்ன முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்துக்கு நிறம் தரும் ஹீமோகுளோபினுக்கு உறவான புரதம் அது. அந்த முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. ஆடுமாடுகள் தின்னும் இதன் இலையில் நிறையப் புரதம் சேர்வதற்கு இதுவே பெரிய துணை.

மெக்சிகோ பக்கத்து மரம் இது. தழையில் ஒரு வில்லங்கமும் உண்டு. அதிலுள்ள மிமோசின் என்ற நச்சுப்பொருள், கால்நடையின் வயிற்றில் டி.ஹெச்.பி. என்ற பொருளாக மாறி தைராய்டைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் இதை நிறையத் தின்ற மாடுகள் மெலிந்தன, முடி உதிர்ந்தது. ஹவாயிலோ ஆடுகள் இதே தழையைத் தின்றுவிட்டு நலமாகத் திரிந்தன!

ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவன விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் இந்த வித்தியாசத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். மரத்தைக் குறை சொல்லாமல், தின்னும் விலங்கின் வயிற்றுக்குள் விடை தேடினார் பாருங்கள், அந்த யோசனை எனக்கு இன்றும் வியப்புதான். 1980களின் தொடக்கத்தில் ஹவாய்க் கால்நடைகளின் இரைப்பை நுண்ணுயிர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்குள்ள மாடுகளுக்குப் புகட்டியதும் நஞ்சு முறிந்தது. 1992இல் நஞ்சை முறித்த அந்த பாக்டீரியாவுக்கு அவர் பெயராலேயே சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். மந்தையில் சில மாடுகளுக்குக் கொடுத்தாலே போதும், கூட மேய்பவற்றுக்கும் அது பரவிவிடுகிறது.