சக்தி வரைபடமும் புல்மோட்டை மணலும்: ஒரு விமர்சன நோக்கு

இரசாயனத் தாக்கத்தின் சக்தி வரைபடம் எமது உயர்தர வகுப்பு மாணவர் அனைவருக்கும் அறிமுகமான உருவமாகும். இடப்புறத்தே தாக்கிகளின் மட்டம். வலப்புறத்தே விளைவுகளின் மட்டம். இடையே ஒரு மேடு. மேட்டின் உயரம் ஏவற்சக்தி எனவும், இரு மட்டங்களின் வேறுபாடு தாக்கவெப்பம் எனவும் குறிக்கப்படும். இவ்வளவையும் ஐந்து நிமிடத்திற் கரும்பலகையில் வரைந்து முடித்துவிடலாம். அவ்வாறு எளிதில் முடிந்துவிடுவதே குறை என்பது எமது கருத்து. தாக்கிகளுக்கு முதலெழுத்துக்களேயன்றிப் பெயரில்லை, அச்சில் எண்ணில்லை. பெயரும் எண்ணுமற்ற வரைபடம் பொருளை உணர்த்துவதற்குப் பதிலாக வடிவத்தை மனனஞ் செய்விக்கின்றது. பெயருள்ள ஒரு பொருளை அதன்மீது வைத்துப் பார்ப்பின் எவ்வளவு துலங்கும் என்பதைப் புல்மோட்டை மணலைக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

திருகோணமலைக்கு வடக்கே, கொக்கிளாய்க் களப்பை அண்டிய இக்கரையோரத்தின் கருமணலில் மிகுதியாக உள்ளது இல்மனைற்று. இரும்பும் தைற்றேனியமும் ஒட்சிசனோடு கூடிய கனியம் அது. உரூத்தைல், சேர்க்கன் ஆகியனவும் உடன் உள்ளன. இரண்டு மூல் இல்மனைற்று வளியின் ஒட்சிசனோடு தாக்கமுற்றுப் பெரிக்கொட்சைட்டாகவும் தைற்றேனியம் ஈரொட்சைட்டாகவும் மாறினால் ஏறத்தாழ 240 கிலோயூல் வெப்பம் வெளிப்படும். விளைவுகளின் மட்டம் அத்துணை தாழ்ந்தது. ஆயினும் மணல் கறுப்பாகவே கிடக்கின்றது. காற்றும் வெயிலும் ஓயாது படும் கரையில் அம்மாற்றம் மிக மெதுவாகவே நிகழ்கின்றது; உலையில் இட்டுப் பல நூறு பாகைக்குச் சூடேற்றினால் விரைந்து நிகழ்கின்றது. புறவெப்பத் தாக்கமாயின் விரைவாக நிகழும் என்று எழுதும் மாணவனுக்கு இக்கரையே மறுப்பு. தாழ்ந்த மட்டம் திசையைப் பற்றிச் சிறிது சொல்லும். வேகத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. வேகம் மேட்டைப் பொறுத்தது.

மேட்டிற்கு நாம் வழங்கும் பெயரையும் நோக்குதல் வேண்டும். மானிப்பாயிலிருந்து பணியாற்றிய கிறீன் வைத்தியரின் முயற்சியால் 1875இல் 'கெமிஸ்தம்' வெளிவந்த காலத்தில் இம்மேடு இரசாயனத்திலேயே இல்லை. அரீனியசு 1889இல் வெப்பநிலைக்கும் தாக்கவீதத்துக்குமுள்ள தொடர்பை விளக்கிய பின்னரே அது பிறந்தது. ஈழத்துக் கலைச்சொல்லாக்கம் அதனை ஏவற்சக்தி என்றது. தமிழகத்தார் கிளர்வு ஆற்றல் என்பர். ஏவல் எனும்போது வெளியே நின்று ஏவும் ஒருவன் தோன்றுகிறான். கிளர்வோ உள்ளிருந்து எழுவது. மூலக்கூறுகள் தம்முள் மோதிச் சக்தியைப் பகிர்வதால் ஒரு சில எப்போதும் மேட்டைத் தாண்டுமளவு சக்தி பெறுகின்றன. வெப்பநிலை உயர்ந்தால் அத்தகையவற்றின் பங்கு பெருகுகின்றது. இவ்வுண்மைக்குக் கிளர்வு என்னும் சொல்லே நெருக்கமானது. எனினும் அரைத்த இல்மனைற்றைச் செறிந்த சல்பூரிக்கமிலத்தோடு கலந்து நீராவியாற் சூடேற்ற, அதுவரை அடங்கியிருந்த கலவை பின்னர் தன் வெப்பத்தாலேயே பொங்கியெழுவதைக் காண்போர்க்கு ஏவல் என்ற சொல்லும் பொருத்தமாகவே தோன்றும். சொல்லை மாற்றக் கோருவது எமது நோக்கமன்று. சொல் தரும் சாய்வை ஆசிரியர் சுட்டிக்காட்டினால் போதும்.

மேட்டின் உச்சியைச் சிகரமென விளக்குவதும் நெருடலானதே. 1931இல் அயரிங்கும் பொலன்யியும் ஐதரசன் அணுவொன்று ஐதரசன் மூலக்கூற்றோடு புரியும் தாக்கத்துக்கு வரைந்த சக்திப் பரப்பில் இரு பள்ளத்தாக்குகளுக்கிடையே செல்லும் மிகத் தாழ்ந்த வழியின் உயர்ந்த இடமே அது. தமிழில் அதற்குக் கணவாய் என்ற அருமையான சொல் உண்டு. கிடையச்சும் காலமன்று, பிணைப்புக்கள் நீண்டு குறுகும் வழியின் அளவே அது. மேடு அகலமாயின் தாக்கம் மெதுவானது என்று எழுதும் விடைகள் இவ்வேறுபாட்டை விளக்காததன் பயனாகும்.

இனி வரைபடத்தின் மெய்யான சோதனைக்கு வருவோம். தைற்றேனியம் ஈரொட்சைட்டைக் குளோரீனோடு மட்டும் தாக்கமுறச் செய்து நாற்குளோரைட்டு வாயுவும் ஒட்சிசனும் பெறுவதற்கு ஒரு மூலுக்கு ஏறத்தாழ 181 கிலோயூல் உட்செல்லல் வேண்டும். 1000 பாகை செல்சியசிலும் சமநிலை இடப்புறமே சாயும். காபனைச் சேர்த்துக் காபனோரொட்சைட்டு உண்டாகச் செய்தாலோ ஏறத்தாழ 40 கிலோயூல் வெளிப்படுகின்றது. ஏறவேண்டிய மட்டம் இறங்கும் மட்டமாகின்றது. காபனின் பணி இங்கே யாது என வினவினால், ஊக்கி என்பதே பலரின் விடையாகும். ஊக்கி மேட்டைத் தணிக்கும்; இரு மட்டங்களையும் தொடாது; தாக்கமுடிவில் எஞ்சியிருக்கும். காபனோ செலவாகின்றது, வலப்புற மட்டத்தையே மாற்றிவிடுகின்றது. அது தாக்கி. ஊக்கியையும் தாக்கியையும் வேறுபடுத்த இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது. எனினும் எமது வரைபடங்களில் ஊக்கியின் பொருட்டு வரையப்படும் புள்ளிக்கோட்டு மேடொன்றே காணப்படுகின்றது. இத்திண்ம மேற்பரப்புத் தாக்கம் பல படிகளையுடையது. ஒற்றை மேடு அதன் சுருக்கமே என்பதையும் ஆசிரியர் கூறல் வேண்டும்.

நாற்குளோரைட்டைத் தூய்மையாக்கி ஒட்சிசனில் எரிக்கும்போது அந்த 181 கிலோயூலும் திரும்பி வெளிப்படுகின்றது, குளோரீனும் மீள்கின்றது. இரு தாக்கங்களையும் ஒரே தாளில் அடுத்தடுத்து வரைந்து பாருங்கள். தொடங்கிய பொருளும் முடிந்த பொருளும் தைற்றேனியம் ஈரொட்சைட்டே. முன்னது மாசுள்ளது, பின்னது தூய வெண்பொடி. மொத்தமாக வெளிப்பட்ட 221 கிலோயூல் இரண்டு மூல் காபன் காபனோரொட்சைட்டாக எரிந்ததன் வெப்பமேயன்றி வேறன்று. அதாவது, தூய்மைக்கான விலை கரியாகச் செலுத்தப்படுகின்றது. முதலெழுத்து வரைபடத்தில் இந்தக் கணக்கு ஒருபோதும் தெரியாது.

புல்மோட்டையில் இவற்றுள் எதுவும் நிகழ்வதில்லை. 1957இல் நிறுவப்பட்ட கனிய மணற் கூட்டுத்தாபனமும் அதன் வழிவந்த இன்றைய லங்கா மினரல் சாண்ட்ஸ் நிறுவனமும் மணலை அடர்த்தியாலும் காந்தத்தாலும் மின்புலத்தாலும் பிரித்தே வந்துள்ளன. பிணைப்பொன்றும் உடைவதில்லை, மேடொன்றும் ஏறப்படுவதில்லை. ஏறாத மணல் கப்பலேறிப் பிறநாட்டிற்கு செல்கின்றது. வெண்பொடியாய்ப் பூச்சுவகைகளிற் கலந்து திரும்புகின்றது. இங்கேயே மாற்றலாம் என்ற கோரிக்கை நியாயமானதே. ஆயின் புறவெப்பத் தாக்கமாதலாற் செலவு குறைவு என மேடையில் வாதிடுவோர் வலப்புற மட்டத்தை மட்டும் படித்தவர். தாக்கத்தைத் தொடக்கும் உயர் வெப்பநிலையும், குளோரீனைத் தாங்கும் உலையும், மின்சாரமும் மேட்டின் பக்கத்தில் நிற்கின்றன. இயலாத காரியம் என்று ஒதுக்குவோரும் வரைபடத்தைப் படித்தவரல்லர்; கேரளத்துச் சவறையில் குளோரைட்டு முறையாலும், திருவனந்தபுரத்தில் சல்பேற்று முறையாலும் அண்டைநாட்டார் இம்மாற்றத்தைச் செய்துகாட்டினர்.

திருவனந்தபுரத்து ஆலையின் அமிலக் கழிவு கடலிற் கலந்தமை நெடுங்காலப் பூசலுக்கு இடமாயிற்று என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. சல்பேற்று முறையின் வலப்புறத்தே வெண்பொடியோடு இரும்புச் சல்பேற்றும் நீர்த்த அமிலமும் பெருமளவில் எஞ்சுகின்றன. வரைபடத்தில் இவையனைத்தும் சேர்ந்து ஒரே கிடைக்கோடு. அக்கோட்டின்கீழ் விளைவுகள் என்று மட்டும் எழுதாமல் ஒவ்வொன்றின் பெயரையும் அளவையும் எழுதும் பயிற்சியை, குச்சவெளிப் பிரதேசத்துப் பாடசாலைகளிலிருந்தே தொடங்கலாம். மணல் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றது.