காடு, கரை, ஏரி: கிழக்கு ஆப்பிரிக்கச் சூழலியல் படைப்புகள் மூன்றில் பேணுவோரின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

கிழக்கு ஆப்பிரிக்காவின் காடு, சதுப்புநிலம், மீன்வளம் ஆகியவற்றின் அழிவையும் காப்பையும் பேசும் படைப்புகளுள் மூன்று உலகளவில் அறியப்பட்டவை. அவை தைஸ் கோல்ட்ஷ்மிட்டின் ‘டார்வினின் கனவுக்குளம்’ என்னும் நூல், ஹூபர்ட் சௌப்பரின் ‘டார்வினின் கொடுங்கனவு’ என்னும் ஆவணப்படம், வங்காரி மாத்தாயின் ‘தலைவணங்காதவள்’ என்னும் தன்வரலாறு ஆகியன. (படைப்புகளின் பெயர்கள் தமிழாக்கித் தரப்பட்டுள்ளன.) ஓரிடத்தில் நேரும் கேடு மற்றோரிடத்தைத் தாக்கும் வழியைப் படைப்பு காட்டுகிறதா, அந்நிலத்தில் வாழ்வோரைப் பேணும் திறனுடையோராகக் காட்டுகிறதா என்னும் இரு வினாக்களைக் கொண்டு இக்கட்டுரை அவற்றை மதிப்பிடுகிறது. அழிவைக் காட்டும் ஆற்றல் மிக்க படைப்பு, பேணுவோரை மறைக்கும்போது, அவர்களை விலக்கும் நிருவாகத்திற்கு இடமளிக்கிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: சூழலியல் திறனாய்வு, விக்டோரியா ஏரி, நைல் பெர்ச், பாப்பிரஸ் கோரை, பசுமைப் பட்டை இயக்கம், பேணுரிமை

முன்னுரை

அரசு நிருவாகத்தில் காடு ஒரு துறையிடமும் மீன்வளம் வேறொரு துறையிடமும் உள்ளன. சதுப்புநிலம் பெரும்பாலும் இரண்டிற்கும் இடையில் நின்று, வடித்து உழுவதற்கு உரிய வீண்நிலமாகக் கருதப்பட்டு வந்துள்ளது. இப்பிரிவினை படைப்புகளிலும் தொடர்கிறது. காட்டைப் பற்றிய நூல் மீனைப் பேசுவதில்லை. மீனைப் பற்றிய படம் மரத்தைக் காட்டுவதில்லை. கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும், ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீட்டர் பரப்புடைய விக்டோரியா ஏரியின் வரலாறோ இம்மூன்றையும் பிரித்துப் பார்க்க இடந்தருவதில்லை. ஆகவே, ஏரியைப் பற்றிய இரு படைப்புகளும் காட்டைப் பற்றிய ஒரு படைப்பும் இங்கு ஒருங்கே வைத்து நோக்கப்படுகின்றன.

கனவுக்குளம்: உணவு வலையாக ஏரி

டச்சு உயிரியலாளரான கோல்ட்ஷ்மிட் 1980களில் தான்சானியாவின் முவான்சா வளைகுடாவில் ஆய்வு செய்தவர். அவருடைய நூல் 1994இல் டச்சு மொழியிலும் 1996இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஏரிக்கரை மக்கள் ‘ஃபுரு’ என்றழைக்கும் சிறுமீன்களே நூலின் மையப் பாத்திரங்கள். சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த இம்மீன்களில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் இவ்வோர் ஏரியில் வாழ்ந்தன என்று கணக்கிடப்பட்டுள்ளது. பாசியை உண்பவை, நத்தையின் ஓட்டை உடைப்பவை, பிற மீனின் குஞ்சுகளைக் கவர்பவை எனத் தாடையின் அமைப்பாலும் உணவாலும் அவை வேறுபட்டன.

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நைல் பெர்ச் என்னும் பெரிய ஊனுண்ணி மீன் இவ்வேரியில் விடப்பட்டது. 1980களில் அது பெருகியபோது ஏறத்தாழ 200 ஃபுரு இனங்கள் கண்ணிற்படாமற்போயின. இவ்வழிவை எவரும் எதிர்பார்க்கவில்லை என்று கூற இயலாது. மீனியல் அறிஞர் ஜெஃப்ரி ஃபிரையர் 1960இலேயே இத்திட்டத்திற்கு எதிரான எச்சரிக்கையை அச்சில் வெளியிட்டிருந்தார். எனவே, நேர்ந்தது இயற்கையின் விபத்தன்று. எச்சரிக்கைக்குப் பின்னரும் தொடர்ந்த நிருவாகச் செயலின் விளைவு.

நூலின் தனிச்சிறப்பு அது துயரத்தைக் கையாளும் முறையில் உள்ளது. பெயரிடுவதற்கு முன்பே மறையும் இனங்களை எண்ணிக்கொண்டிருக்கும் அறிவியலாளனின் நிலை நகைச்சுவையும் வருத்தமும் கலந்த நடையில் வெளிப்படுகிறது. ஓர் இனம் நீங்கும்போது உணவு வலையின் எந்த இழை அறுகிறது என்பதை வாசகர் படிப்படியாக உணர்கின்றனர். முதல் வினாவிற்கு இந்நூல் பெருமளவு விடை தருகிறது. இரண்டாவது வினாவில் அது தளர்கிறது. இழப்பின் அளவை அறிந்தவர் அறிவியலாளர். மீனவர் அவ்விழப்பின் பின்னணியிலேயே நிற்கின்றனர். ஃபுருவுக்குப் பெயரிட்டு, அதை உண்டு, விற்று வாழ்ந்தவர்கள் அதைக் காக்கும் வழியையும் அறிந்திருக்கக்கூடும் என்னும் எண்ணம் நூலின் மையத்தை எட்டுவதில்லை.

கொடுங்கனவு: கரையில்லாத ஏரி

2004இல் வெளிவந்த சௌப்பரின் ஆவணப்படம் அதே முவான்சாவைக் களமாகக் கொண்டது. ஆலைகளில் துண்டமாக்கப்பட்ட நைல் பெர்ச், சரக்கு விமானங்களில் ஐரோப்பாவிற்குச் செல்கிறது. தலையும் முள்ளும் ஊரில் எஞ்சுகின்றன. விமானங்கள் வரும்போது எதைக் கொண்டுவருகின்றன என்னும் வினாவைப் படம் மீண்டும் மீண்டும் எழுப்பி, ஆயுத வணிகத்தின் நிழலைக் காட்டுகிறது. தெருச் சிறுவர், பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்கள், இரவுக் காவலாளி ஆகியோரின் முகங்களே படத்தை நிறைக்கின்றன. சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கர் விருதிற்குப் பரிந்துரைக்கப்பட்ட இப்படத்தை, நாட்டின் பெயருக்குக் களங்கம் விளைவிப்பது என 2006இல் தான்சானிய அதிபர் ஜகயா கிக்வேதே வெளிப்படையாகக் கண்டித்தார்.

படத்தின் அறவலிமையை மறுப்பதற்கில்லை. ஐரோப்பிய உணவுத் தட்டிலுள்ள மீன்துண்டையும் முவான்சாவின் விமான ஓடுதளத்தையும் இனிப் பிரித்துக் காண இயலாதபடி அது செய்துவிடுகிறது. புழுக்கள் நெளியும் மீன் முட்களை வெயிலில் தொங்கவிடும் பெண்களின் காட்சி, ஏற்றுமதிப் புள்ளிவிவரம் மறைக்கும் உண்மையை ஒரே பார்வையில் உணர்த்துகிறது.

எனினும், படத்தின் அமைப்பில் ஒரு பெருங்குறை உள்ளது. பெரிய மீன் சிறிய மீன்களை விழுங்குவதை உலகச் சந்தை ஏழைகளை விழுங்குவதன் உருவகமாக அது எடுத்துக்கொள்கிறது. உருவகம் நிலைபெற்றதும் ஏரி கருத்தளவில் சுருங்குகிறது. மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஃபுரு இனங்கள் சில, நைல் பெர்ச் மிகுதியாகப் பிடிக்கப்பட்ட பின் 1990களில் முவான்சா வளைகுடாவிலேயே மீண்டும் பெருகத் தொடங்கின. தான்சானியாவில் ‘டகா’ எனவும் கென்யாவில் ‘ஒமேனா’ எனவும் உகாண்டாவில் ‘முகெனே’ எனவும் வழங்கும் வெள்ளிநிறச் சிறுமீன், கரைவாழ் மக்களின் முதன்மை உணவுகளுள் ஒன்றாகத் தொடர்ந்தது. 1994ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மூன்று நாடுகளும் விக்டோரியா ஏரி மீன்வள அமைப்பை நிறுவியிருந்தன. படம் எடுக்கப்படுவதற்கு முன்பே தான்சானியக் கரையின் இறங்குதுறைகளில் மீனவரைக் கொண்ட கரை மேலாண்மைக் குழுக்கள் உருவாகத் தொடங்கியிருந்தன. இவற்றின் வெற்றி தோல்விகள் விவாதத்திற்குரியவை. ஆயினும் இவற்றுள் எதுவும் படத்தின் மையத்திற்கு வருவதில்லை. துன்புறுவோர் எல்லா இடத்திலும் உள்ளனர்; பேணுவோர் எங்கும் இல்லை.

படம் காணாத கரை: விறகும் கோரையும்

ஏரியின் கதையைக் கரையிலிருந்து காணும்போது மூன்று தொடர்புகள் புலனாகின்றன.

முதலாவது விறகு. சிறிய ஃபுரு மீன்கள் வெயிலில் உலர்ந்து கருவாடாயின. கொழுப்பு மிக்க பெரிய நைல் பெர்ச்சோ அவ்வாறு உலர்வதில்லை. அதைப் புகையூட்டவோ பொரிக்கவோ வேண்டும். அதற்கு விறகு தேவை. நீரில் விடப்பட்ட மீன் இவ்வாறு கரையிலுள்ள மரங்களையும் உண்ணத் தொடங்கியது.

இரண்டாவது மண். மரங்கள் நீங்கிய சரிவுகளிலிருந்தும் உழுத நிலங்களிலிருந்தும் அடித்துவரப்பட்ட மண்ணும் சத்துகளும் ஏரியைக் கலங்கச் செய்து பாசியைப் பெருக்கின. ஃபுருவின் பெண்மீன் தன்னினத்து ஆணை நிறத்தால் தேர்ந்தெடுக்கிறது. கலங்கிய நீரில் நிறம் புலப்படாதபோது இனங்களுக்கிடையேயான வேலி தளர்கிறது என்பதை ஓலே சேஹவுசனும் அவருடன் ஆய்ந்தோரும் 1997இல் நிறுவினர். அதாவது, நைல் பெர்ச்சின் வாய்க்குத் தப்பிய இனமும் காட்டழிவால் தன் தனித்தன்மையை இழக்க நேரிடுகிறது.

மூன்றாவது கோரை. ஏரியைச் சூழ்ந்த பாப்பிரஸ் சதுப்பு, ஓடைகள் கொணரும் வண்டலைத் தடுத்து நிறுத்துகிறது. அதன் அடர்ந்த பகுதிகளில் நீரின் உயிர்வளி மிகக் குறைவு. அதைத் தாங்க இயலாத நைல் பெர்ச் அங்கே நுழைவதில்லை. தாங்கவல்ல சிறுமீன்களுக்கு அதுவே புகலிடமாகிறது. உகாண்டாவின் நபுகாபோ ஏரியில் நிகழ்ந்த ஆய்வுகள் இதனைக் காட்டியுள்ளன. கென்யாவின் யாலா சதுப்பிலுள்ள கன்யாபோலி ஏரியிலும், விக்டோரியாவில் அருகிவிட்ட உள்நாட்டுத் திலேப்பியா இனம் பிழைத்திருக்கிறது. அதே யாலா சதுப்பின் ஒரு பகுதி 1960களிலிருந்து வேளாண்மைக்காக வடிக்கப்பட்டது. வீண்நிலம் என்று கருதப்பட்டதே மீன்களின் கடைசி அரணாக இருந்தது.

இம்மூன்று தொடர்புகளையும் சேர்த்துக் காணும்போது, நைல் பெர்ச்சை மட்டும் குற்றவாளியாக நிறுத்தும் கதை போதாது என்பது தெளிவாகிறது. குற்றவாளி ஒன்றேயாயின் மீட்பும் ஒன்றே. கேடு பல வழிகளில் வருமாயின் அதைத் தடுக்கும் கைகளும் பலவாக இருத்தல் வேண்டும்.

தலைவணங்காதவள்: நாற்றங்காலின் அரசியல்

2006இல் வெளிவந்த மாத்தாயின் தன்வரலாறு நியேரி மாவட்டத்தின் இஹிதே என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. அவ்வட்டாரத்து நீர் விக்டோரியா ஏரிக்குச் செல்வதில்லை. தானா ஆற்றின் வழியே இந்தியப் பெருங்கடலைச் சேர்கிறது. எனவே இங்கு ஒப்பிடப்படுவது நீர்வழியன்று, பார்க்கும் முறை.

வீட்டருகே நின்ற அத்திமரத்திலிருந்து விறகு பொறுக்கலாகாது, அது இறைவனின் மரம் என்று தாய் கூறியதையும், அருகிலிருந்த ஓடையில் தவளை முட்டைகளை மணிகளென்றெண்ணிக் கோக்க முயன்றதையும் மாத்தாய் நினைவுகூர்கிறார். பின்னாளில் அத்தி வெட்டப்பட்டது; ஓடையும் வற்றியது. ஆழவேரூன்றிய மரம் நிலத்தடி நீருக்கு வழியாகவும் மண்ணுக்குப் பிடியாகவும் இருந்ததை உயிரியல் கற்ற பிறகே அவர் உணர்கிறார். தாயின் விலக்கும் மகளின் அறிவியலும் இங்கு ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒன்று மற்றொன்றின் காரணத்தை விளக்குகிறது. காட்டிலிருந்து நீருக்குச் செல்லும் தொடர்பை ஒரு மரத்தையும் ஓர் ஓடையையும் கொண்டே நூல் நிறுவிவிடுகிறது.

இரண்டாவது வினாவிற்கு இந்நூல் தரும் விடை இன்னும் வலியது. 1977இல் கென்யப் பெண்கள் தேசிய மன்றத்தின் சார்பில் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கம், சிற்றூர்ப் பெண்களைக் கொண்டு நாற்றங்கால்களை அமைத்தது. பெண்கள் விதை பொறுக்கினர். கையில் கிடைத்த கலன்களில் முளைக்கவைத்தனர். பிழைத்து வளர்ந்த நாற்றுகளுக்கே சிறுதொகை வழங்கப்பட்டது. அவர்களை மாத்தாய் பட்டயம் பெறாத வனவியலாளர்கள் என்று அழைக்கிறார். இத்தொடரில் புகழ்ச்சியைவிட உரிமைக்கோரிக்கையே மேலோங்குகிறது. பேணும் அறிவு துறை அலுவலகத்திற்கு மட்டும் உரியதன்று என்பது அதன் பொருள். 1989இல் உஹுரு பூங்காவிலும், 1999இல் கரூரா காட்டிலும் அரசை எதிர்த்து நடந்த போராட்டங்கள் இக்கோரிக்கையின் நீட்சிகளே.

எனினும், நூலிலும் இடைவெளிகள் உள்ளன. தன்வரலாறு ஆதலின் தலைவி ஒருவரின் குரல் ஓங்கி, நாற்று வளர்த்த பெண்கள் பெரும்பாலும் கூட்டமாகவே தோன்றுகின்றனர். மேலும், வனத்துறை நிலத்தில் மரக்கன்றுகளுக்கிடையே உழவர் பயிரிட இடந்தரும் ஷம்பா முறையை மாத்தாய் தம் பொதுவாழ்வில் தொடர்ந்து எதிர்த்தார். காலனிய ஆட்சி அயல்மரத் தோட்டங்களுக்காகப் புகுத்திய முறை என்பதால் அவ்வெதிர்ப்பிற்குக் காரணம் உண்டு. ஆனால் நிலமற்ற உழவர்க்குக் காட்டுடன் இருந்த ஒரே ஏற்புடைய உறவும் அதுவே. உழவரை நம்பித் தொடங்கிய இயக்கத்தின் தலைவி, காட்டினுள் உழவரை நம்பத் தயங்கியது ஆழ்ந்து ஆராயத்தக்க முரண்.

சித்திரிப்பும் நிருவாகமும்

ஒரு படம் ஒரு சட்டத்தை உருவாக்கிவிடுவதில்லை. ஆயினும் மக்களைப் பற்றி நிலவும் எண்ணம், நிருவாகம் எவ்வழியை இயல்பானதாகக் கருதும் என்பதைத் தீர்மானிக்கிறது. கென்யாவின் 2005ஆம் ஆண்டு வனச்சட்டம் சமூக வனச் சங்கங்களைக் காட்டின் மேலாண்மையில் பங்காளிகளாக ஏற்றது. மரங்களைப் பேணுவதில் சிற்றூர் மக்கள் காட்டிய திறன் பல்லாண்டுகளாகப் பொதுவெளியில் பேசப்பட்டிருந்த நாட்டில் இச்சட்டம் வந்தது. உகாண்டாவிலோ 2017 முதல் ஏரியில் மீன்பிடி விதிகளைச் செயற்படுத்த இராணுவம் ஈடுபடுத்தப்பட்டது. 50 செ.மீ.க்குக் குறைந்த நைல் பெர்ச்சைப் பிடிக்கலாகாது என்னும் விதி அறிவியல் முறைப்படி தக்கதே. ஆனால் அதைக் காப்பவர் யார் என்பது வேறு வினா. கரைக் குழுக்களில் ஊழலும் செல்வாக்குடையோரின் ஆதிக்கமும் இருந்தன என்பது உண்மை. அதற்குத் தீர்வு குழுக்களைச் சீர்திருத்துவதா, ஆயுதத்திடம் ஏரியை ஒப்படைப்பதா என்னும் தேர்வில், மீனவர் பேணும் திறனற்றவர் என்னும் எண்ணம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. ‘கொடுங்கனவு’ இதனை விரும்பியதன்று. ஆனால் அது விட்டுச்செல்லும் மக்கள் சித்திரிப்பு இவ்வெண்ணத்தைத் தடுக்கவல்லதன்று.

முடிவுரை

கோல்ட்ஷ்மிட் ஏரியின் உயிர்களுக்கிடையேயான தொடர்பைக் காட்டுகிறார். அவற்றுடன் வாழ்வோரின் பேணும் அறிவைப் போதிய அளவு காட்டவில்லை. சௌப்பர் சந்தையின் கொடுமையை மறக்கவியலாதபடி காட்டுகிறார். கரையையும் கரையைப் பேணுவோரையும் விட்டுவிடுகிறார். மாத்தாய் இரண்டையும் இணைக்கிறார்; எனினும் அவருடைய நம்பிக்கை காட்டின் எல்லையில் தயங்குகிறது. இம்மூன்றையும் அடுத்தடுத்துப் படிக்கும்போதே ஒன்றின் குறை மற்றொன்றால் வெளிப்படுகிறது.

அழிவின் பேரளவைக் காட்டுவதை மட்டும் சூழலியல் படைப்பின் வெற்றியாகக் கொள்ளும் திறனாய்வு இவ்வகையில் மறுபரிசீலனைக்குரியது. விறகுக்கும் மீனுக்கும், கோரைக்கும் குஞ்சுக்கும் உள்ள உறவை அன்றாடம் கையாள்வோர் கரைவாழ் மக்களே. அவர்களை இரக்கத்திற்குரியோராக மட்டும் காட்டும் படைப்பு அழிவுக்குச் சான்று பகர்கிறது. ஏரியைக் காப்பதற்கான பொறுப்பையோ அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறது.