வேதியியல் விழாவா, வாண வேடிக்கையா?

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நடைபெறும் வேதியியல் கண்காட்சிகளுக்கு நீங்களும் சென்றிருப்பீர்கள். அங்கே கூட்டம் மிகுதியாக மொய்ப்பது 'எரிமலை' மேசையைத்தான். ஆரஞ்சு நிறத் தூளைக் குவித்துத் தீ வைப்பார்கள். பொறி பறக்கும், பச்சை நிறச் சாம்பல் பொங்கி வழியும். எல்லோரும் கை தட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வார்கள். நடந்தது என்னவென்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

இத்தகைய விழாக்களே வேண்டாம் என்பது என் வாதம் அன்று. வேதியியல் என்றாலே சமன்பாடுகளை மனப்பாடம் செய்வதுதான் என்று அஞ்சும் மாணவனை நிறமும் நெருப்பும் அருகே இழுக்கின்றன. விளக்கம் சொல்ல நிற்கும் மாணவிக்குப் பேசும் துணிவு பிறக்கிறது. இவை நல்ல பயன்களே. ஆனால் காட்சி கைதட்டலோடு முடிந்துவிட்டால் அது வித்தை, விஞ்ஞானம் ஆகாது. 'மந்திரமா, தந்திரமா' நிகழ்ச்சிகளை நினைத்துப் பாருங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மேல் கிளிசரினை ஊற்றினால் தீப்பெட்டி இல்லாமலே தீப்பற்றும். அதைச் செய்து காட்டுபவர் உடனே இரகசியத்தையும் உடைத்துச் சொல்லிவிடுவார். நம் கண்காட்சிகளிலோ இரகசியம் பெரும்பாலும் இரகசியமாகவே இருந்துவிடுகிறது.

அந்த ஆரஞ்சுத் தூள் அம்மோனியம் டைகுரோமேட். சூடேறும்போது அது நைட்ரஜனாகவும் நீராவியாகவும் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடாகவும் சிதைகிறது. தூளில் உள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோயை உண்டாக்க வல்லது. பொறிகளோடு சிதையாத தூளும் சிறிது பறக்கக்கூடும். நம் அண்டை மாவட்டமான இராணிப்பேட்டையில், 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் நிலத்தடி நீரைக் கெடுத்ததும் இதே வகைக் குரோமியத்தால்தான். இதைச் சொல்லாமல் எரிமலையை மட்டும் காட்டுவது பாதி வேதியியலை மறைப்பதாகும். குழந்தைகளை அதன் அருகே நிறுத்துவதோ பொறுப்பின்மை.

ஐக்கிய நாடுகள் சபை 2011ஆம் ஆண்டைச் சர்வதேச வேதியியல் ஆண்டாக அறிவித்தது. மேரி கியூரி வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்று அப்போது நூறாண்டு நிறைந்திருந்தது. 'வேதியியல்: நம் வாழ்வு, நம் எதிர்காலம்' என்ற முழக்கம் வெறும் புகழ்மாலையாகவே எனக்குப் பட்டது. ஆனால் பல நாட்டு மாணவர்கள் தத்தம் ஊர் நீரின் அமில காரத் தன்மையையும் உப்பின் அளவையும் அளந்து, வடிகட்டுதலையும் காய்ச்சி வடித்தலையும் செய்து பார்த்த நீர்ச் சோதனை அப்படிப்பட்டதன்று. அவ்வாண்டின் சிறந்த கொண்டாட்டம் அதுவே என்பேன்.

திருவண்ணாமலையில் இதைச் செய்யப் பெருஞ்செலவு ஆகாது. மழை நீர், கிணற்று நீர், ஆழ்துளைக் கிணற்று நீர் மூன்றையும் சம அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். நிலையான நுரை வர எத்தனை சொட்டு தேவை என்று எண்ணுங்கள். அதிகச் சொட்டு கேட்கும் நீரே கடின நீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது எது என்பதும் அப்போது விளங்கும்.

இன்னொரு பாடம் நம் மலை உச்சியிலேயே இருக்கிறது. இலண்டனில் மைக்கேல் ஃபாரடே ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டே சிறுவர்களுக்குத் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். அது 1861இல் நூலாகவும் வந்தது. நமக்கோ கார்த்திகை தீபம் இருக்கிறது! ஆயிரக்கணக்கான கிலோ நெய் எரிகிறது. ஆனால் எரிவது நீர்மமாக உள்ள நெய் அன்று. திரி வழியே ஏறிச் சூட்டில் ஆவியாகும் நெய். சுடரின் மஞ்சள் ஒளி, அதில் கனன்று ஒளிரும் கரித்துகள்களின் ஒளி. இவற்றை ஆராய ஓர் அகல் விளக்கே போதும். குளிர்ந்த எவர்சில்வர் டம்ளரைச் சுடருக்குச் சற்று மேலே கவிழ்த்துப் பிடித்தால் உட்புறத்தில் நீர்த்திவலை படியும். பத்து கிராம் நெய் முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ 27 கிராம் கரியமில வாயு உண்டாகும். நெய்யைவிட வாயு கனமானது எப்படி? கூடுதல் எடை எங்கிருந்து வந்தது?

விடையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. உங்கள் பள்ளியின் அடுத்த கண்காட்சியில் எரிமலையை அகற்றிவிட்டு அந்த மேசையில் ஓர் அகலை ஏற்றி வையுங்கள். பக்கத்தில் இந்தக் கேள்வியை எழுதி வையுங்கள். பார்க்க வருபவர்கள் கை தட்டாமல் போகலாம். ஆனால் நின்று யோசிப்பார்கள்.