உபிராஜரா: வாபஸ் வாங்கப்பட்ட ஒரு டைனோசர் கட்டுரை

2020 டிசம்பரில் 'கிரெட்டேசியஸ் ரிசர்ச்' ஆய்விதழின் தளத்தில் ஒரு கட்டுரை வெளியானது. கோழி அளவு டைனோசர். முதுகில் பிடரி மயிர் போல இழைகள், தோளில் நாடா மாதிரி நீண்ட உறுப்புகள். பெயர் உபிராஜரா ஜுபாட்டஸ். பிரேசிலின் சியரா மாநிலத்தில், அராரிப்பே படுகையின் சுண்ணாம்புக் கல்லில் கிடைத்தது. அடுத்த வருஷமே இதழ் அதை வாபஸ் வாங்கிவிட்டது. எலும்பை விவரித்ததில் தப்பு என்பதற்காக அல்ல. அந்தக் கல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ அருங்காட்சியகத்துக்கு எப்படிப் போச்சு என்பதுதான் பிரச்சினை.

பிரேசிலில் 1942 முதல் புதைபடிவங்கள் நாட்டின் சொத்து. 1990இல் விதிகள் இன்னும் இறுகின. வெளிநாட்டுக் குழு மாதிரி சேகரிக்கணும்னா உள்ளூர் ஆய்வு நிறுவனம் ஒன்று கூட்டாளியாக இருக்கணும், அறிவியல் அமைச்சகத்தின் அனுமதி வேணும். புது இனத்துக்கு ஆதாரமான மூலமாதிரி பிரேசிலிலேயே இருக்கணும்.

கட்டுரையாளர்கள் ஜெர்மனி, பிரிட்டன், மெக்சிகோவைச் சேர்ந்தவர்கள். பிரேசில்காரர் ஒருத்தர்கூட இல்லை. ஆனால் பெயரை மட்டும் அந்த மண்ணின் துப்பி மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்: 'ஈட்டியின் தலைவன்'. எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துகிறது.

1995இல் அதிகாரி ஒருவர் கையெழுத்திட்ட ஏற்றுமதிக் காகிதம் இருக்கிறது என்றார்கள். சரி, இருக்கட்டும். 1990 விதிகள் அப்போது அமலில் இருந்தன. கூட்டாளி நிறுவனம் எது, மூலமாதிரி எப்போது திரும்பும் என்ற கேள்விகளுக்கு ஒரு கையெழுத்து பதிலாகாது. எங்கள் தொழிலில் லைசென்ஸ் கோப்பு இல்லாத லைப்ரரி எவ்வளவு நன்றாக ஓடினாலும் புராடக்டில் சேர்க்க மாட்டோம். இங்கே மதிப்பீட்டாளர்களைத் தாண்டி, அனுமதி விவரம் தெளிவாகாமலே ஒரு கட்டுரை அச்சு வரைக்கும் வந்துவிட்டது.

'அங்கேயே விட்டிருந்தால் குவாரியில் நொறுங்கியிருக்கும்' என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. அந்தக் கல்லைத் தரைக்குப் போட பலகை பலகையாகப் பிளக்கிறார்கள், படிவங்கள் தொழிலாளிகள் கையில்தான் முதலில் கிடைக்கின்றன. ஆனால் அதே வட்டாரத்தில், சந்தானா டோ கரிரி ஊரில், 1980களிலிருந்தே ஒரு தொல்லுயிர் அருங்காட்சியகம் இருக்கிறது. காப்பாற்ற அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டியதில்லை.

ஜெர்மன் சட்டத்தையும் சொல்லணும். 2007 ஏப்ரல் 26க்குப் பிறகு முறையின்றி வெளியேறிய பொருள்களைத்தான் அது திருப்பித் தரச் சொல்கிறது. பிரேசிலின் 1942 சட்டம் அங்கே கணக்கிலேயே வராது. அந்தத் தேதிக்கு முன்பே வந்துவிட்டது என்றுதான் அருங்காட்சியகமும் சொன்னது. கையகப்படுத்திய விவரமே தவறாகத் தரப்பட்டிருந்தது என்று பின்னர் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநில அரசு கண்டுகொண்டு, 2022 ஜூலையில் திருப்பித் தர முடிவெடுத்தது. சமூக ஊடகத்தில் பிரேசில் ஆய்வாளர்கள் விடாமல் கேட்டிராவிட்டால் இது நடந்திருக்குமா, சந்தேகம்தான்.

2023 ஜூனில் கல் பிரேசில் திரும்பியது. இப்போது சந்தானா டோ கரிரியில் இருக்கிறது. கட்டுரை வாபஸ் ஆனதால் அந்தப் பெயருக்கு முறையான அங்கீகாரம் இல்லை. யாராவது அதை மறுபடி முதலிலிருந்து விவரித்து எழுதணும்.