ஃப்ளாப்பி செய்த வேலையை இப்போது யார் செய்கிறார்?

மேசை இழுப்பறையைக் கிளறியபோது மூன்றரை அங்குல ஃப்ளாப்பி ஒன்று அகப்பட்டது. உலோகத் தகட்டை நகத்தால் தள்ளிவிட்டால் இன்னமும் 'டிக்'கென்று மூடிக்கொள்கிறது. கொள்ளளவு 1.44 எம்பி. இன்றைய போனில் எடுக்கும் ஒரு படமே பெரும்பாலும் அதில் அடங்காது. ஆனாலும் அதனிடம் ஒரு நல்ல குணம் உண்டு. கணக்குத் தொடங்கு, ஓடிபி கொடு என்று கேட்காது. எடுத்து நீட்டினால் ஃபைல் கைமாறிவிடும்.

அந்தக் குணம் வயர் இல்லாமல் கிடைக்குமா என்று தேடி, லோக்கல்சென்ட் செயலியில் வந்து நின்றிருக்கிறேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். ஏர்டிராப் சொகுசானதுதான், என் விண்டோஸ் லேப்டாப்புக்குப் பிரயோஜனமில்லை. புளூடூத்தில் கல்யாண வீடியோ அனுப்ப ஆரம்பித்தால் மூன்று பந்தி முடிந்துவிடும்.

இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். திறந்ததும் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் ஒரு பழத்தின் பெயரைச் சூட்டி வைக்கிறது. அலுவலகத்தில் நான்கு பேர் திறந்தால் பழக்கடைதான். பெயரைத் தொட்டால் அந்தப் பக்கம் 'வாங்கிக்கொள்ளட்டுமா' என்று கேட்கும். சரி என்றால், ஃபைல் மறையாக்கம் செய்யப்பட்டு நேராகப் போய்ச் சேரும். ரூட்டரைத் தாண்டி வெளியே போவதில்லை என்பதால் இணையம் செத்துக் கிடந்தாலும் வேலை நடக்கும்.

ஒரு ஜிபி படங்களை அனுப்பிப் பார்த்தேன். ஃப்ளாப்பியில் என்றால் சுமார் 700 வேண்டும். இரண்டு லேப்டாப்பும் வைஃபையில் இருந்தபோது கொஞ்சம் நொண்டியது. காரணம் எளிது: ஒரே அலைவரிசையில் ரூட்டர் ஒவ்வொரு துண்டையும் ஒருமுறை வாங்கி, மறுமுறை அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் செருகியதும் வேகம் தெளிவாகக் கூடியது. வயரில்லாச் சாதனத்துக்கு வயர் வைத்தியம்!

மாட்டிக்கொண்டதும் உண்டு. ஒரு விடுதியின் வைஃபையில் இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. அரைமணி நேரம் செயலியைத் திட்டினேன். பிறகுதான் புரிந்தது, விருந்தினர் ஒருவரையொருவர் எட்டிப் பார்க்கக் கூடாதென்று அங்கே நெட்வொர்க்கையே தடுப்புச் சுவர் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் சேர்த்ததும் வந்துவிட்டது. ஃபைல் இணையத்துக்குப் போகாததால் டேட்டாவும் தீராது. விண்டோஸில் அந்த நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஃபயர்வால் வழிமறிக்கலாம்.

குறைகள்? பாதியில் அறுந்தால் அந்த ஃபைலை மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டும். பெரிய வீடியோ 90 சதவீதத்தில் நின்றபோது வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஐபோனில் செயலி திரையில் திறந்தே இருக்க வேண்டும். கேட்காமலே வாங்கிக்கொள்ளும் 'குயிக் சேவ்' வசதியை வீட்டில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. எதிராளி கணினியில் எதையும் நிறுவ முடியாவிட்டால், லிங்க் ஒன்று தருகிறது. அவர் பிரவுசரில் தட்டினால் ஃபைல் இறங்கும். அச்சகத்துக் கணினிக்கு இப்போது இப்படித்தான் அனுப்புகிறேன். அங்கே போய்வந்த பென்டிரைவ் ஒவ்வொரு தடவையும் வைரஸோடு திரும்பிய காலம் ஒன்று இருந்தது.