சொல் மாறியது, வாக்கியம் மாறவில்லை

‘கற்பழிப்பு’ என்ற சொல்லில் குற்றம் செய்தவன் இல்லை. பெண்ணிடம் அழிந்துபோன ஒன்று மட்டுமே இருக்கிறது. தாக்கப்பட்டது அவள் உடல். மீறப்பட்டது அவள் சம்மதம். அழிந்ததாகச் சொல்லப்படுவதோ கற்பு.

கற்பு கணவனுக்கு உரியது என்றால், அவன் அதை அழித்ததாகவே ஆகாது. இந்தக் கணக்கு சட்டத்திலும் இருக்கிறது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, 18 வயது நிரம்பிய, தன்னுடன் வாழும் மனைவியைக் கணவன் வற்புறுத்திப் புணர்வதை வன்புணர்வாகக் கொள்வதில்லை.

பெண்ணியவாதிகள் விடாமல் எதிர்த்ததால், இன்று பல நாளிதழ்கள் ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதுகின்றன. இது பெரிய மாற்றம். ஆனால் வாக்கியத்தைப் பாருங்கள்: ‘மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்.’ எழுவாய் மாணவி. செய்தவன் எங்கே? ‘விபத்துக்கு ஆளானார்’, ‘நோய்க்கு ஆளானார்’ என்பதுபோல, யாரும் செய்யாமல் தானாக நேர்ந்ததாகிவிடுகிறது வன்முறை.

குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லையே என்பார்கள். ‘மாணவியை வன்புணர்ந்ததாக இளைஞர் மீது வழக்கு’ என்று எழுத என்ன தடை? அடுத்த முறை செய்தி படிக்கும்போது எழுவாயைத் தேடுங்கள். செய்தவன் இல்லாத வாக்கியத்தில், கேள்விகள் எல்லாம் அவளிடமே போய்ச் சேரும்.